அப்பாவுக்கு கிண்டிலா, டேப்பா, போனே போதுமா? 60 வயதைத் தாண்டியவர்கள் மின்னூல் படிக்க எது சரி? முழு விவரம்

முக்கிய அம்சங்கள்

• கருவியை முதலில் தேர்வு செய்யாதீர்கள். படிக்கப்போகும் புத்தகம் எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

• ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களுக்கு 10 இன்ச் டேப். எழுத்தைப் பெரிதாக்கக்கூடிய மின்னூல்களுக்கு இ-ரீடர்.

• பணம் கட்டுவதற்கு முன் கண் பரிசோதனை. அதோடு, கையில் இருக்கும் போனிலேயே ஒரு வாரம் சோதனை.

நினைத்துப் பாருங்கள். கம்பத்தில் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர். வயது 68. வீட்டு அலமாரி நிறைய புத்தகம். ஆனால் இரண்டு, மூன்று வருடமாக எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. "எழுத்து பொடிசா இருக்குப்பா, கொஞ்ச நேரத்துல கண்ணு கலங்கிருது" என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் உடனே ஒரு கிண்டில் ஆர்டர் போடுகிறார். அப்பாவுக்குப் பிடித்த பழைய நாவல்களை இணையத்தில் தேடி, பிடிஎஃப்-ஆக இறக்கி, அதில் ஏற்றியும் கொடுக்கிறார்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்து பார்த்தால் கிண்டில் பீரோவுக்குள் இருக்கிறது. கேட்டால், "புஸ்தகத்த விட இதுல இன்னும் பொடிசாத் தெரியுதுப்பா" என்று பதில்.

கருவியில் கோளாறு இல்லை. அப்பாவின் கண்ணிலும் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. புத்தகம் ஒரு வகை, கருவி வேறு வகை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொருத்தக்குறைவால் போனது 17 ஆயிரம் ரூபாய் மட்டும் இல்லை. "இனிமே நமக்குப் படிப்பெல்லாம் சரிப்படாது" என்று பெரியவர் முடிவு கட்டிவிடுகிறாரே, அதுதான் பெரிய நஷ்டம்.

இந்த நிலை வராமல் இருக்க எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: புத்தகம் எந்த வடிவத்தில் இருக்கிறது?

ஆங்கில மின்னூல் படிப்பவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவாக வராது. தமிழில் படிப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. காரணம், தமிழ் மின்னூல்கள் மூன்று விதமாகக் கிடைக்கின்றன.

ஒன்று, ஸ்கேன் செய்த புத்தகம். அச்சுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து பிடிஎஃப்-ஆகச் சேர்த்திருப்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இந்த வகை. இலங்கைத் தமிழ் நூல்களுக்காக 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்திலும் ஸ்கேன் பிரதிகளே அதிகம். இதில் இருப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் பெரிதாகும். வரியின் ஒரு முனை திரைக்கு வெளியே போய்விடும்.

இரண்டு, தட்டச்சு செய்த மின்னூல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்கு முன்னோடி. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் நவீன நாவல் வரை தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம், எழுத்தாளர்களின் அனுமதியோடு மின்னூல்களைத் தருகிறது. இந்த வகையில் இபப் என்ற வடிவம் முக்கியம். இபப் கோப்பில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தானாக மடங்கி திரைக்குள் அடங்கிவிடும்.

மூன்று, விலைக்கு வாங்கும் மின்னூல். அமேசான் 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழ் உள்ளிட்ட 5 இந்திய மொழிகளைச் சேர்த்தது. இன்றைய எழுத்தாளர்கள் பலரின் நூல்கள் அதில் கிடைக்கின்றன. கிண்டில், கூகுள் பிளே புக்ஸ் போன்ற கடைகளில் விற்கும் நாவல், கட்டுரை நூல்கள் பெரும்பாலும் எழுத்தைப் பெரிதாக்கக்கூடியவை.

ஒரே புத்தகம் இரண்டு வடிவத்தில் கிடைப்பதும் உண்டு. கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டத்தில் எழுத்து வடிவில் இருக்கிறது. வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆனால், "தொடரா வந்தப்போ மணியம் போட்ட படத்தோட படிக்கணும்" என்று ஆசைப்படும் தாத்தாவுக்கு ஸ்கேன் பிரதிதான் வேண்டும். கதை ஒன்றுதான், தேவைப்படும் கருவி வேறு.

எனவே முதலில் பெரியவரிடம் கேட்க வேண்டியது, "எந்த மாடல் வேணும்?" என்பதல்ல. "அடுத்து என்னென்ன புத்தகம் படிக்க ஆசை?" என்று கேளுங்கள். பத்துப் பெயர்களை எழுதி வாங்குங்கள். அவை எந்த வடிவத்தில் கிடைக்கின்றன என்று தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஸ்கேனாக இருந்தால் பெரிய திரை. பாதிக்கு மேல் இபப் அல்லது கிண்டில் நூலாக இருந்தால் சின்னத் திரையே போதும்.

திரை அளவு: ஒரு சின்னக் கணக்கு

தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெம்மி அளவில் அச்சாகின்றன. பக்கம் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இந்தப் பக்கத்தின் ஸ்கேனை ஒவ்வொரு திரையிலும் முழுசாகக் காட்டினால் என்ன ஆகும்?

• 6.5 இன்ச் போன்: திரை அகலம் சுமார் 6.8 செ.மீ. பக்கம் பாதியாகச் சுருங்கும்.

• 6 இன்ச் இ-ரீடர்: சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். எழுத்து 55 முதல் 60 சதவீதமாகச் சுருங்கும். அச்சில் 10 புள்ளி அளவில் இருந்த எழுத்து 6 புள்ளி ஆகிவிடும். மருந்து அட்டையின் பின்பக்க எழுத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

• 7 இன்ச் இ-ரீடர்: சுமார் 10.7 செ.மீ. அகலம், 14.2 செ.மீ. உயரம். எழுத்து மூன்றில் இரண்டு பங்காகும்.

• 10.1 இன்ச் டேப்: சுமார் 13.6 செ.மீ. அகலம், 21.7 செ.மீ. உயரம். கிட்டத்தட்ட அச்சுப் பக்கத்தின் அதே அளவு.

கம்பம் ஆசிரியருக்கு நடந்தது இதுதான். டெம்மி பக்கத்தை 6 இன்ச்சுக்குள் அடைத்தார்கள்.

இதற்கு ஒரு வழியும் இருக்கிறது. போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் திரை அகலம் 15 செ.மீ. ஆகிவிடும். அச்சில் இருந்த அதே அளவில் எழுத்து தெரியும். ஆனால் ஒரு நேரத்தில் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். 7 இன்ச் இ-ரீடரைப் படுக்கவாட்டில் வைத்தால் பாதிப் பக்கம் தெரியும். அவசரத்துக்கு இது உதவும். 500 பக்க நாவலை இப்படித் தள்ளித் தள்ளிப் படிப்பது சிரமம்.

60 வயதுக்கு மேல் கண்ணில் என்ன மாறுகிறது?

40 வயதை ஒட்டி வெள்ளெழுத்து வரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத இன்னொரு மாற்றம், வெளிச்சம். வயது ஏற ஏற கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். 60 வயதில் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண் மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதனால் எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும். தமிழுக்கு இது இன்னும் முக்கியம். புள்ளி ஒன்று மங்கினால் "க்" என்பது "க" ஆகிவிடும். பழுப்பேறிய பழைய புத்தகத்தின் ஸ்கேனில் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளிதான்.

பழைய புத்தகம் என்றதும் இன்னொன்று. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். பேரப்பிள்ளைகள் அதில் தடுமாறுவார்கள். இன்று 60-ஐத் தாண்டியவர்கள் பள்ளியில் படித்ததே அந்த எழுத்தில்தான் என்பதால் அவர்களுக்கு அது தடை இல்லை. அளவும் வெளிச்சமும் சரியாக இருந்தால் சரளமாகப் படித்துவிடுவார்கள்.

இ-இங்க், டேப் திரை: கண்ணுக்கு எது நல்லது?

இ-ரீடர்களில் இருப்பது இ-இங்க் திரை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் தேவையான இடத்தில் கறுப்பு மேலே வரும். அப்படி வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் மின்சாரம் செலவாகும். தினமும் அரை மணி நேரம் படித்தால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். காகிதம் மாதிரி வெளிச்சத்தைப் பிரதிபலித்துக் காட்டுவதால் வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும்.

டேப், போன் திரை பின்னாலிருந்து ஒளி விடும். வீட்டுக்குள் பளிச்சென்று இருக்கும். வெயிலில் நம் முகம்தான் தெரியும்.

"இ-இங்க் தான் கண்ணுக்கு நல்லது, டேப் கெடுதல்" என்று பொதுவாகச் சொல்வார்கள். விஷயம் அவ்வளவு நேராக இல்லை. ஜெர்மனி ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 36 இளைஞர்கள், 60 முதல் 77 வயதுக்குள் 21 பெரியவர்கள். இரு தரப்பையும் காகிதம், இ-ரீடர், டேப் மூன்றிலும் படிக்க வைத்து, கண் அசைவையும் மூளை அலையையும் அளந்தார்கள். எதில் படிக்கப் பிடிக்கும் என்று கேட்டால் பெரும்பாலோருக்குக் காகிதம்தான். ஆனால் பெரியவர்கள் டேப்பில் படிக்கும்போது கண் ஒவ்வொரு சொல்லிலும் குறைந்த நேரமே தங்கியது. மூளைக்கு ஏற்பட்ட சிரமமும் குறைவு. இளைஞர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. டேப்பின் பின்னொளி எழுத்தைப் பளிச்சென்று காட்டியதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் பயன்படுத்திய இ-ரீடரில் விளக்கு கிடையாது. இப்போது வருபவற்றில் திரையின் ஓரத்தில் விளக்கு உண்டு. எனவே இ-ரீடர் வாங்கினால் விளக்கு இருக்கும் மாடலாகவே வாங்க வேண்டும். வெளிச்சத்தை மஞ்சளாக மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

டேப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம். அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2014 இறுதியில் வெளியான ஆய்வில், தூங்கப்போகும் முன் 4 மணி நேரம் முழு வெளிச்சத்தில் டேப் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமானது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான், அவர்களும் இளைஞர்கள். ஆனாலும் ஏற்கெனவே தூக்கம் குறைவாக இருக்கும் பெரியவர்கள், இரவில் டேப் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது நல்லது.

கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்குக் கூச்சம் குறையும். சிலருக்கு எழுத்தைச் சுற்றி ஒளி வட்டம் தெரியும். இரண்டையும் போட்டுப் பார்த்து அவரையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

தேனி, கம்பம் பக்கம் தனியாகப் பார்க்க வேண்டியவை

இந்தப் பகுதிக்குத் திரை ஒன்றும் புதிதல்ல. போடியில் ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது. ஆனால் படிக்கும் கருவி என்று வரும்போது ஊரின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெயில்: கூடலூர், சின்னமனூர் பக்கம் பெரியவர்கள் திண்ணையிலோ, திராட்சைத் தோட்டத்துப் பந்தல் ஓரத்திலோ உட்கார்ந்து படிப்பவர்கள் என்றால் இ-இங்க் பொருத்தம். வீட்டுக்குள் மட்டும் படிப்பவர் என்றால் டேப் போதும்.

மலை: மேகமலை எஸ்டேட்டிலோ, போடிமெட்டு, கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்திலோ தங்குபவர்களுக்கு சிக்னல் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இணையத்தில் திறந்து படிக்கும் தளங்களை நம்ப வேண்டாம். கீழே இருக்கும்போதே புத்தகத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் இடத்தில் வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் இ-ரீடர் கைகொடுக்கும். இப்போது விற்கும் இ-ரீடர்கள் பெரும்பாலும் வைஃபையில்தான் இயங்கும். சிம் போட முடியாது. வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் புத்தகம் இறக்கலாம்.

தூரம்: பெரிய புத்தகக் கடைக்கு மதுரை போக வேண்டிய ஊர்கள் இவை. 2023 ஜூன் முதல் போடி வரை மீண்டும் ரயில் வந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 15-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது. ஆனாலும் மூட்டுவலியோடு மாதம் ஒருமுறை போய்வருவது எல்லோருக்கும் முடியாது. மகன் சென்னையிலோ துபாயிலோ இருந்தபடி வாங்கும் புத்தகம், ஒரே கணக்கில் இணைத்திருந்தால், போடியில் இருக்கும் அம்மாவின் கிண்டிலுக்கு நேராக வந்துவிடும்.

கண் பரிசோதனை: கருவிக்கு முன் இதுதான். அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985 முதல் தேனியிலேயே கிளை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் பிரிவு உண்டு. கண்புரை இருந்தால் எந்தத் திரையும் முழுசாக உதவாது. புரை அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பார்வை நிலைத்து புதுக் கண்ணாடி எழுதித் தரும் வரை கருவி வாங்குவதைத் தள்ளிப் போடலாம். அதன்பிறகு எழுத்தளவுத் தேவையே மாறிவிடலாம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். எழுத்து மங்குவதற்குத் திரை காரணமா, விழித்திரை காரணமா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

மருத்துவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரத்தில், அதாவது 35 முதல் 40 செ.மீ.யில் திரையைப் பிடிக்கப் போகிறாரா, மேசை மேல் ஸ்டாண்டில் நிறுத்தி 50 செ.மீ.யில் பார்க்கப் போகிறாரா என்பதைப் பொறுத்துக் கண்ணாடி பவர் மாறும்.

எந்தக் கருவியில் என்ன சாதகம், என்ன சிக்கல்?

போன்: கூடுதல் செலவு இல்லை. கை பழகியது. இபப், கிண்டில் ஆப், பிடிஎஃப் எல்லாம் திறக்கும். வால்யூம் பட்டனை அழுத்திப் பக்கம் திருப்பும் வசதி சில ஆப்களில் உண்டு. சிக்கல் என்னவென்றால், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். படித்துக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் மணி அடிக்கும்.

10 இன்ச் டேப்: ஸ்கேன் புத்தகம், வார இதழ், பத்திரிகை எல்லாவற்றுக்கும் ஏற்றது. வண்ணமும் தெரியும். பேரனோடு வீடியோ காலும் பேசலாம். எடை சுமார் 450 முதல் 500 கிராம். கையில் வெகுநேரம் பிடிக்க முடியாது, ஸ்டாண்டு அவசியம். சாதாரண ஆண்ட்ராய்டு டேப்கள் 10 ஆயிரம் முதல் 20 ஆயிரம் ரூபாய் வரம்பில் கிடைக்கின்றன.

6, 7 இன்ச் இ-ரீடர்: எடை சுமார் 150 முதல் 210 கிராம். மூட்டுவலி, விரல்வலி இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. படுத்துக்கொண்டும் படிக்கலாம். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த 7 இன்ச் கிண்டில் பேப்பர்வொயிட் சுமார் 17 ஆயிரம் ரூபாய்க்கு அறிமுகமானது. சலுகை நாட்களில் விலை மாறும். சிக்கல், பக்கம் மாறும்போது ஒரு நொடி மினுக்கும். ஸ்கேன் பிடிஎஃப்-ஐப் பெரிதாக்கி நகர்த்துவது மெதுவாக நடக்கும்.

கிண்டிலில் வெளியிலிருந்து எடுத்த மின்னூலையும் ஏற்றலாம். செண்ட் டு கிண்டில் வசதி 2022 முதல் இபப் கோப்பை ஏற்கிறது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் 6 இன்ச் திரைக்கென்றே வடிவமைத்த பிடிஎஃப்-ம் கிடைக்கிறது. டெம்மி ஸ்கேனுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதே சமயம் கிண்டில் கடையில் வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. வாங்கிய புத்தகம் அந்தக் கணக்கோடு கட்டுப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இ-இங்க் திரையோடு 10 இன்ச் அளவிலும் கருவிகள் உண்டு. கண்ணுக்கும் நல்லது, ஸ்கேனுக்கும் நல்லது. ஆனால் சாதாரண டேப்பைவிட விலை பல மடங்கு. நாள் முழுக்கப் படிப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கண் ஒத்துழைக்கவில்லையா? காதால் படிக்கலாம்

பெரிதாக்கியும் படிக்க முடியவில்லை என்றால் அதோடு முடிந்துவிடவில்லை. ஆண்ட்ராய்டு போன், டேப்களில் தமிழில் உரக்கப் படிக்கும் குரல் இருக்கிறது. அமைப்புகளில் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொண்டால் திரையில் இருக்கும் எழுத்தை வாசித்துக் காட்டும். உச்சரிப்பு ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி இருக்காது. ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

இங்கேயும் முதல் கேள்விதான் திரும்ப வருகிறது. இந்தக் குரல் எழுத்து வடிவ நூலைத்தான் படிக்கும். ஸ்கேன் பிரதியைக் கொடுத்தால் படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாது.

பார்வைக் குறைபாட்டால் அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவர்களுக்கென்று சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தை மத்திய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கியது. தகுதிச் சான்றோடு பதிவு செய்தால் அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களைப் பெறலாம். இப்படி மாற்று வடிவில் நூல் தருவதற்கு 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் அனுமதி தருகிறது. இதற்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்ததும் இந்தியாதான்.

மோசடியில் சிக்காமல் இருக்க

"இலவச பிடிஎஃப்" என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் நூலகம் அல்ல. டவுன்லோட் பட்டன் மாதிரியே விளம்பரம் இருக்கும். ஏபிகே என்று முடியும் கோப்பு எதையும் பெரியவரின் போனில் நிறுவக் கூடாது. வங்கி ஆப் இருக்கும் போனில் இந்த ஆபத்து அதிகம். அதனாலேயே சிலர் சிம் இல்லாத, வங்கி ஆப் இல்லாத தனி டேப் அல்லது இ-ரீடரைத் தேர்வு செய்கிறார்கள். அது நல்ல காரணம்தான். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். மூத்த குடிமக்களின் பொதுவான உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்றைய எழுத்தாளர்களின் பிடிஎஃப்-கள் பெரும்பாலும் அனுமதி இல்லாதவை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆன நூல்கள், எழுத்தாளரே அனுமதி தந்த நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது திருட்டுப் பிரதி தேவையில்லை.

வாங்கும் முன் ஒரு வார சோதனை

1. பெரியவர் படிக்க ஆசைப்படும் நூல்களில் ஒரு இபப், ஒரு ஸ்கேன் பிடிஎஃப் எடுத்து வீட்டில் இருக்கும் போனில் போடுங்கள்.

2. இபப் நூலில் அவர் வசதியாக இருக்கிறது என்று சொல்லும் வரை எழுத்தைப் பெரிதாக்குங்கள். அந்த அளவில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே போனால் போன் போதாது. ஐந்தாறு சொல் வந்தால் போனே போதும்.

3. ஸ்கேன் நூலைப் போனைப் படுக்கவாட்டில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த அளவு சரியென்றால் 10 இன்ச் டேப் பொருந்தும். அதுவும் பொடிசு என்றால், அவருக்கு ஸ்கேன் நூலே வேண்டாம். எழுத்து வடிவ நூல் அல்லது குரல்தான் வழி.

4. பகல், மாலை, இரவு மூன்று நேரமும் 20 நிமிடம் படிக்க வையுங்கள். கண்ணில் நீர், தலைவலி வருகிறதா என்று கேளுங்கள்.

5. அரைக் கிலோ அரிசிப் பையைக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். சிரிப்பாக இருந்தாலும் டேப் எடை அதுதான். முடியவில்லை என்றால் ஸ்டாண்டோடு டேப், இல்லாவிட்டால் இ-ரீடர்.

6. பக்கத்தைத் தொட்டுத் திருப்பப் பழக்குங்கள். வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருந்தால் தொடுதிரை சில நேரம் கேட்காது. கையைக் கழுவி ஈரம் துடைத்துவிட்டுத் தொட்டால் சரியாகும்.

வாங்கிக் கொடுத்த பிறகு

கருவியைக் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிட்டால் அது பீரோவுக்குத்தான் போகும். முதல் நாளே எழுத்தளவு, வெளிச்சம் இரண்டையும் அவரே மாற்றப் பழக்குங்கள். "தாங்க, நான் வச்சுத் தர்றேன்" என்று பிடுங்காதீர்கள். திறப்பது, பக்கம் திருப்புவது, விட்ட இடத்துக்கு வருவது, எழுத்தைப் பெரிதாக்குவது, சார்ஜ் போடுவது. இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி கவருக்குள் வையுங்கள்.

முதல் புத்தகமாக அவர் ஏற்கெனவே படித்து ரசித்ததையே ஏற்றுங்கள். கதை தெரிந்திருந்தால் கவனம் கருவியைப் பழகுவதில் இருக்கும். ஐம்பது புத்தகத்தை மொத்தமாகக் கொட்டாதீர்கள். மூன்று போதும். முடித்ததும் அடுத்ததை அவரே கேட்பார்.

யாருக்கு எது? சுருக்கமாக

• பழைய இதழ், பழைய பதிப்பு, படத்தோடு வந்த தொடர்கதை விரும்புபவர்: 10 இன்ச் டேப், கூடவே ஸ்டாண்டு.

• நாவல், கட்டுரை நிறையப் படிப்பவர், திண்ணையிலும் தோட்டத்திலும் படிப்பவர், கைவலி உள்ளவர்: விளக்கு உள்ள 7 இன்ச் இ-ரீடர்.

• எப்போதாவது படிப்பவர்: இருக்கும் போன் போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல கண்ணாடி.

• பெரிதாக்கியும் தெரியாதவர்: முதலில் கண் மருத்துவர். பிறகு தமிழ்க் குரல் இருக்கும் போன் அல்லது டேப்.

கம்பம் ஆசிரியரின் பீரோவில் இருக்கும் கிண்டிலும் வீண் இல்லை. ஸ்கேன் பிடிஎஃப்-களை அழித்துவிட்டு, அதே நாவலின் இபப் பிரதியை ஏற்றி, எழுத்தை நாலு மடங்கு பெரிதாக்கிக் கையில் கொடுத்துப் பாருங்கள். "இத முதல்லயே செஞ்சிருக்கலாமேப்பா" என்று கேட்டாலும் கேட்பார். இபப் கிடைக்காத புத்தகம் என்றால் மட்டும் அடுத்த செலவைப் பற்றி யோசிக்கலாம்.